வெளிக்காற்றின் அழுத்தம் மாறினால் அடைபட்ட காற்று என்ன செய்யும்? டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார் ஏன் தண்ணீர் எடுக்கவில்லை, கொடைக்கானல் போனால் சிப்ஸ் பாக்கெட் ஏன் உப்புகிறது, புயல் வரும்போது ஜன்னலைத் திறந்து வைக்கணுமா என்று வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு கேள்வியாகக் கேட்டாலும் அடியில் இருக்கும் விஷயம் ஒன்றுதான். காற்றுக்குத் தள்ள மட்டும்தான் தெரியும், இழுக்கத் தெரியாது. உள்ளே இருக்கும் காற்று எவ்வளவு தள்ளுகிறது, வெளியே இருக்கும் காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டால் கீழே உள்ள முக்கால்வாசிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

நம்மைச் சுற்றியுள்ள காற்று உண்மையில் எவ்வளவு அழுத்துகிறது?

கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடை. வானிலைச் செய்தியில் இதை 1010 மில்லிபார் என்கிற மாதிரி சொல்வார்கள், செல்போனில் ஹெக்டோபாஸ்கல் என்று காட்டும், இரண்டும் ஒரே அளவுதான். கல்லணையிலிருந்து கோடியக்கரை வரைக்கும் டெல்டா முழுக்கவே கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது, அதனால் தஞ்சாவூரில் இருப்பவருக்கும் நாகப்பட்டினத்தில் இருப்பவருக்கும் இதில் பெரிய வித்தியாசம் தெரியாது. இவ்வளவு பாரத்தை நாம் உணராததற்குக் காரணம், நம் நுரையீரலிலும் காதிலும் இருக்கும் காற்றும் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருப்பதுதான்.

வெளி அழுத்தம் குறைந்தால் அடைபட்ட வாயு கட்டாயம் விரியுமா?

அது எதில் அடைபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பலூன், பிளாஸ்டிக் பை, மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை போல வளைந்துகொடுக்கிற உறையாக இருந்தால் வாயு விரியும், விரிய விரிய அதன் அழுத்தமும் குறைந்து வெளியே இருப்பதோடு சமமானதும் நின்றுவிடும். இரும்பு சிலிண்டர் மாதிரி விறைப்பான பாத்திரமாக இருந்தால் விரிய இடமில்லை, ஆகவே கன அளவும் மாறாது, உள் அழுத்தமும் மாறாது. ஆனால் வெளியே தாங்கிக்கொண்டிருந்த கை கொஞ்சம் தளர்ந்துவிட்டதால் பாத்திரத்தின் சுவர் தாங்க வேண்டிய வித்தியாசம் கூடிவிடும். மூன்றாவது வகை, எங்காவது ஒரு சின்ன ஓட்டை இருக்கும் பாத்திரம். நம் வீடு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இந்த வகை. காற்று கசிந்து உள்ளும் வெளியும் தானாகச் சமமாகிவிடும்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் "அழுத்தம் குறைந்தால் விரியும்" என்று மனப்பாடம் செய்வதால்தான் குழப்பமே வருகிறது. பாடப்புத்தகத்தில் இருக்கும் பாயில் விதி (ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்டது) சொல்வது, வெப்பநிலை மாறாமல் இருந்து, வாயு உள்ளேயும் வெளியேயும் போகாமல் இருந்தால், அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் வரும் எண் மாறாது என்று. அந்த இரண்டு "இருந்தால்"களையும் விட்டுவிட்டு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

கும்பகோணத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கொடைக்கானலில் ஏன் உப்பிப் போகிறது?

கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் 780, 790 மில்லிபார் அளவில்தான் இருக்கும், அதாவது நம் ஊரில் இருப்பதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்று அதிகம். பாக்கெட்டில் நம் ஊர் அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன் இருக்கிறது. வெப்பநிலை ஒன்றாகவே இருந்தால் அது சுமார் 29 சதவீதம் விரியப் பார்க்கும். மேலே குளிர் இருப்பதால் அதில் கொஞ்சம் சுருங்கி, நிகரமாக இருபது சதவீதத்துக்கு மேல் விரிகிறது. பாக்கெட்டில் சுருக்கம் இருந்தால் அது விரிந்து சரியாகிவிடும். ஏற்கெனவே விறைப்பாக அடைத்த பாக்கெட் என்றால் ஒட்டிய இடம் பிரிந்துகூடப் போகலாம்.

திரும்பி வரும்போது இதற்கு நேர் எதிராக நடக்கும். மேலே தண்ணீரைக் குடித்துவிட்டு இறுக்கி மூடிய காலி பாட்டில், வத்தலக்குண்டு வந்து சேர்வதற்குள் இடுப்பு ஒடுங்கிக் கிடக்கும். உள்ளே யாரும் இழுக்கவில்லை. உள்ளே இருப்பது மலைக்காற்று, வெளியே நிற்பது சமவெளிக் காற்று, பலமானது எதுவோ அது தள்ளுகிறது, அவ்வளவுதான்.

மலை ஏறும் முன் கார் டயரில் காற்றைக் குறைக்க வேண்டுமா?

வேண்டாம், கணக்கைப் பார்த்தாலே தெரியும். டயர் கடையில் 32 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) என்று காட்டுவது உள் அழுத்தம் முழுவதையும் அல்ல, வெளிக்காற்றை விட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும். வெளிக்காற்றின் 14.7-ஐச் சேர்த்தால் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தம் 46.7. பாயில் விதியிலோ வேறு எந்த வாயுக் கணக்கிலோ இந்த மொத்தத்தைத்தான் போட வேண்டும், வெறும் 32-ஐப் போட்டால் விடை கோணலாகத்தான் வரும்.

சரி, கொடைக்கானலில் வெளியே சுமார் 11.4 பிஎஸ்ஐதான். டயர் பெரிதாக விரியாது என்று வைத்துக்கொண்டால் 46.7-இலிருந்து 11.4 போக, கேஜில் 35 சொச்சம் காட்ட வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரி வெயிலில் அடித்த காற்று மேலே 15 டிகிரிக்குக் குளிர்ந்தால், அந்த 46.7 என்பதே சுமார் 43.7 ஆகிவிடும். அதில் 11.4 போனால் மறுபடி 32 சொச்சம்! உயரம் கூட்டியதைக் குளிர் எடுத்துக்கொண்டுபோகிறது. எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும், இரண்டு விளைவுகளும் இப்படி ஒன்றையொன்று தின்றுவிடுவது பார்க்கவே அழகு. மலை ஏறி உடனே அளந்தால் ஓட்டத்தில் டயர் சூடாகியிருக்கும், அதனால் கூடுதலாகக் காட்டும். ஆறிய டயரில் அளங்கள்.

தண்ணீர் 25 அடிக்குக் கீழே போனால் மேலே வைத்த மோட்டார் ஏன் எடுப்பதில்லை?

டெல்டாவில் இதை விட முக்கியமான கேள்வி இந்தப் பக்கத்தில் இல்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும் கோடையில், நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட மோட்டாரைப் போட்டால் சத்தம் வருகிறது, தண்ணீர் வருவதில்லை.

மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்று நாம் சொல்கிறோம். அது செய்வது குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பது மட்டும்தான். கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறது. குழாய்க்குள் காற்றே இல்லாமல் முழு வெற்றிடம் ஆக்கினாலும் அந்த வெளிக்காற்றால் தண்ணீரை 10.3 மீட்டர், அதாவது 34 அடிதான் உயர்த்த முடியும், ஏனென்றால் அவ்வளவு உயரத் தண்ணீரின் எடையும் வெளிக்காற்றின் அழுத்தமும் அங்கே சமமாகிவிடும். இத்தாலியில் டாரிசெல்லி 1643-இல் பாதரசத்தை வைத்து இதே சமநிலையைக் காட்டினார். பாதரசம் தண்ணீரை விட 13.6 மடங்கு கனம் என்பதால் 76 சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டது.

34 அடி என்பது காகிதக் கணக்கு. குழாய் உராய்வு, வளைவுகள், ஃபுட் வால்வின் (குழாயின் அடியில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு) தடை, வெதுவெதுப்பான தண்ணீர் குறைந்த அழுத்தத்தில் ஆவியாகத் தொடங்குவது எல்லாம் போக, நடைமுறையில் 22 முதல் 25 அடிதான் கைக்குக் கிடைக்கும். அதனால்தான் நம் பக்கத்தில் குழி வெட்டி மோட்டாரைக் கீழே இறக்கி வைக்கிறார்கள். மோட்டாரிலிருந்து மேலே தள்ளுவதற்கு இந்த எல்லை கிடையாது, கீழிருந்து மோட்டார் வரை வருவதற்கு மட்டும்தான்.

அப்படியானால் 5 ஹெச்பிக்குப் பதில் 10 ஹெச்பி போட்டால்?

பலன் இல்லை. தண்ணீரை ஏற்றுவது காற்று மண்டலம், அதன் பலத்தை எந்த மோட்டாராலும் கூட்ட முடியாது. அந்தப் பணத்தை நீர்மூழ்கி மோட்டாருக்கோ குழியை ஆழப்படுத்துவதற்கோ போடுங்கள், குழியில் இறங்குவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

மோட்டார் ஏர் பிடிக்கிறது என்கிறார்களே, ஒரு சின்னக் கசிவு இவ்வளவு பாடு படுத்துமா?

படுத்தும். தண்ணீர் 20 அடி கீழே இருக்கும்போது மோட்டாரின் வாயருகே குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றில் சுமார் 40 சதவீதம்தான். இணைப்பில் ஒரு மயிரிழை விரிசல் வழியாக ஒரு லிட்டர் காற்று உள்ளே நுழைந்தால், அது அங்கே இரண்டரை லிட்டராக விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறதோ அவ்வளவுக்கு இந்த விரிவும் கூடும். மழைக்காலத்தில் ஒழுங்காக ஓடிய அதே குழாய் கோடையில் தகராறு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். நீர்மட்டத்தைக் குறை சொல்வதற்கு முன் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். மோட்டார் ஓடும்போது நுரை உள்ளே போகும் இடத்தில்தான் கசிவு.

கம்ப்ரசர் போட்டு ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்களே, அதற்கு 34 அடி எல்லை இல்லையா?

இல்லை, ஏனென்றால் அங்கே வெளிக்காற்றை நம்பி ஏற்றுவது கிடையாது. அழுத்திய காற்றைச் சிறு குழாய் வழியாக அடியில் கொண்டுபோய் விடுகிறார்கள், அது குமிழிகளாகத் தண்ணீரோடு கலந்து, அந்தக் கலவையை வெறும் தண்ணீரை விட லேசானதாக்குகிறது. சுற்றியிருக்கும் கனமான தண்ணீர் அதை மேலே தள்ளிவிடும். நீர்மட்டத்துக்கு 40 மீட்டர் கீழே விட்ட குமிழி அங்கே சுமார் 5 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கிறது, மேலே வர வர அழுத்தம் குறைந்து, வாய்க்கு வருவதற்குள் ஐந்து மடங்கு பெரிதாகிவிடும். தண்ணீர் ஒரே சீராக வராமல் குபுக் குபுக் என்று வருவது அதனால்தான். கரண்ட் செலவு அதிகம், ஆனால் மணல் கலந்து வரும் கிணற்றுக்கு இது தோது, ஏனென்றால் அடியில் தேய்ந்துபோக ஓடும் பாகம் எதுவும் இல்லை.

புயல் வரும்போது காற்றழுத்தம் குறைகிறதே, வீடு வெடிக்காமல் இருக்க ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டுமா?

கூடவே கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா கரையைக் கடந்தபோது மையத்தில் அழுத்தம் 980 மில்லிபாரை ஒட்டி இறங்கியது. வழக்கமான 1010-இலிருந்து பார்த்தால் மூன்று சதவீதக் குறைவுதான், ஒரு 300 மீட்டர் குன்றின் மேல் ஏறினால் கிடைக்கும் மாற்றத்தை விடப் பெரிதல்ல. அதுவும் பல மணி நேரத்தில் நடப்பது. கதவிடுக்கு, ஓட்டிடுக்கு வழியாக வீட்டுக்குள் காற்று அதற்குள் எத்தனையோ முறை சமமாகிவிடும்.

கூரையைத் தூக்குவது புயலின் அழுத்தக் குறைவு அல்ல, காற்றின் வேகம். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் வரும் காற்று ஒரு பரப்பில் மோதி நின்றால் சதுர மீட்டருக்கு 65 கிலோவுக்கு மேல் தள்ளும். அதே காற்று கூரையின் மேல் வளைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அப்போது வீட்டுக்குள் அமைதியாக இருக்கும் காற்று கூரையை அடியிலிருந்து தள்ளுகிறது. சிமெண்ட் ஷீட்டின் எடை சதுர மீட்டருக்கு இருபது கிலோகூட இருக்காது. இந்த நிலையில் காற்று வரும் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் உள்ளேயும் அழுத்தம் ஏறி, மேலே குறைந்ததும் உள்ளே கூடியதும் சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் சாத்தித் தாழ்போடுங்கள். ஷீட்டைப் பிடிக்கும் கொக்கியும் கூரை விளிம்பும்தான் முதலில் போகும், ஐப்பசிக்கு முன்னாலேயே அவற்றைப் பாருங்கள். கீற்றுக் கொட்டகையில் இருப்பவர்கள் எதையும் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் முகாமுக்குப் போய்விடுவதுதான் நல்லது.

புயலில் கடல் மட்டம் உயர்வதும் இதனால்தானா?

ஒரு பகுதி மட்டும். ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் எழும். 30 மில்லிபாருக்கு ஒரு அடி. மிச்ச உயரத்தைக் காற்று தண்ணீரைக் கரைப் பக்கம் ஒதுக்கிக் குவிப்பதால்தான் கடல் அடைகிறது, ஆழமில்லாத பாக் நீரிணைப் பக்கம் அது இன்னும் மோசம்.

மிதக்கும் டிரம் வைத்த சாண எரிவாயு கலன் சில நாள் அதிகம் எழும்பி நிற்கிறது. கேஸ் கூடுதலாக உற்பத்தியாகிறதா?

அப்படியும் இருக்கலாம், ஆனால் கேஸ் கூடாமலேயே டிரம் எழும்பும். டிரம்முக்குள் இருக்கும் கேஸ், வெளிக்காற்றையும் டிரம்மின் எடையையும் சேர்த்துத் தாங்குகிறது. வெளி அழுத்தம் மூன்று சதவீதம் குறைந்தால் 2,000 லிட்டர் கேஸ் 60 லிட்டர் பெருக்கும். வெயிலில் 10 டிகிரி சூடு ஏறினாலும் ஏறக்குறைய அதே அளவு பெருக்கும், இது தினமும் நடப்பது. அடுப்புக்கு வரும் அழுத்தம் மட்டும் மாறாது, ஏனென்றால் அது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம், அதைத் தீர்மானிப்பது டிரம்மின் எடை. உற்பத்தி கூடியதா என்று தெரிய வேண்டுமானால் தினமும் விடியற்காலையில் ஒரே நேரத்தில் டிரம்மின் உயரத்தைக் குறித்து வாருங்கள்.

மலையில் சோறு வேகத் தாமதமாகிறதே?

வெளி அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே. அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. குக்கர் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். விசில் குண்டு வெளிக்காற்றை விட சுமார் ஒரு கிலோ கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது, நம் ஊரில் உள்ளே 120 டிகிரி என்றால் அங்கே 116, 117. பருப்புக்கு ஒரு விசில் கூட விடுங்கள்.

சமையல் கேஸ் சிலிண்டர் மலையில் வெடிக்குமா?

உயரத்தால் வெடிக்காது. உள்ளே இருப்பது திரவம், அதன் மேலுள்ள ஆவியின் அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. வெளியே கால் கிலோ அழுத்தம் குறைவது அந்த இரும்புக்கு ஒரு பொருட்டே இல்லை. குளிரில் கேஸ் மெதுவாக வருவதுதான் நீங்கள் கவனிக்கக்கூடிய மாற்றம்.

பப்பாளித் தண்டு வைத்து ஆற்றுக்குள் மூச்சுவிட்டு விளையாடுகிறார்கள் பிள்ளைகள். நீளமான குழாய் இருந்தால் ஆழத்துக்குப் போகலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்கினாலே நெஞ்சின் மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 100 கிராம் கூடுதலாக அழுத்தும், நுரையீரலுக்குள் இருப்பதோ குழாய் வழியாக வரும் மேல்காற்று. அந்த வித்தியாசத்தை எதிர்த்து நெஞ்சை விரிப்பது பெரியவர்களுக்கே முடியாத காரியம். நீளக் குழாயில் விட்ட மூச்சே திரும்பி வரும் ஆபத்தும் உண்டு.

முதுகில் சிலிண்டர் கட்டி மூழ்குபவர்களுக்கு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை வாங்கி, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அது இரண்டு மடங்காகப் பார்க்கும், நுரையீரல் கிழிந்துவிடும். 30-இலிருந்து 20-க்கு வரும்போது விரிவு மூன்றில் ஒரு பங்குதான், கடைசிப் பத்து மீட்டர்தான் மிகக் கொடியது. ஆழத்திலிருந்து தூண்டிலில் சரசரவென்று இழுத்த கலவா மீன் கண் பிதுங்கி, இரைப்பை வாய் வழியே தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அதன் காற்றுப்பையும் அதே விதிக்குத்தான் கட்டுப்படுகிறது.

திருச்சியில் விமானம் இறங்கும்போது காது வலிக்கிறது, ஏறும்போது அவ்வளவு இல்லை. ஏன்?

ஏறும்போது நடுக்காதில் இருக்கும் காற்று விரிந்து, தொண்டைக்குப் போகும் குழாய் வழியாகத் தானே வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போக வேண்டும், அந்தக் குழாயின் தொண்டைப் பக்க வாய் மூடியே கிடக்கும் சுபாவம் உடையது. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ திறக்கும். கைக்குழந்தைக்கு இறங்கத் தொடங்கும்போதே பால் கொடுங்கள். கடும் சளி இருந்தால் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

காரைக்காலில் விடும் வானிலை பலூன் கடைசியில் என்ன ஆகிறது?

ஹைட்ரஜன் நிரப்பி விடும்போது வேண்டுமென்றே முழுதாக விறைக்க விடமாட்டார்கள், விரிய இடம் வேண்டும் அல்லவா. 30 கி.மீ. உயரத்தில் வெளி அழுத்தம் தரையில் இருப்பதில் நூறில் ஒரு பங்கை ஒட்டி இறங்கிவிடும். அங்கே குளிர் இருந்தாலும் வாயு அறுபது மடங்குக்கு மேல் விரிந்து, பலூனின் குறுக்களவு நாலு மடங்காகும், ரப்பர் அதற்கு மேல் தாங்காமல் கிழியும். அதற்குள் கருவி அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் போக்கு எல்லாவற்றையும் அனுப்பி முடித்திருக்கும். புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்வதற்கு இந்த அளவுகளும் உதவுகின்றன.

இதையெல்லாம் நாமே அளந்து பார்க்க வழி உண்டா?

உண்டு. பல செல்போன்களில் காற்றழுத்த உணரி இருக்கிறது, ஒரு இலவசச் செயலி போதும். திருச்சி மலைக்கோட்டையின் அடியில் ஒரு அளவு, உச்சிப் பிள்ளையார் சந்நிதிக்குப் போய் ஒரு அளவு எடுங்கள். பாறை 83 மீட்டர், ஒன்பது மில்லிபாருக்குக் குறையாமல் இறங்கியிருக்கும். பிரான்சில் 1648-இல் பாஸ்கல் தன் மைத்துனரைப் பாதரசக் குழாயோடு மலையேறச் சொல்லி, மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது என்று நிரூபித்ததை இப்போது பாக்கெட்டில் இருக்கும் போனே செய்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: நம் பக்கத்தில் காற்றழுத்தம் தினமும் காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் ஏறியும், மாலை 4, விடியற்காலை 4 வாக்கில் இறங்கியும் இருக்கும், மூன்று நாலு மில்லிபார் வரை. ஆகவே காலையில் கீழே அளந்துவிட்டு, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாயங்காலம் மேலே போய் அளந்தால் பாறை உண்மையை விட முப்பது மீட்டர் உயரமாகத் தெரியும். ஏறி இறங்கியதும் அடியில் மறுபடி ஒரு அளவு எடுத்து, கீழே எடுத்த இரண்டுக்கும் சராசரி போட்டுக்கொள்ளுங்கள்.